எட்டு மணிக்கு ராசுவுக்கு மருந்து

இதில் வரும் பெண்ணின் உண்மையான பெயர் தங்கப்பொண்ணு இல்லை. ஊரையும் சொல்லப்போவதில்லை. முக்கியமாக மாட்டின் பெயரை மாற்றியிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் அவளைத் தெரியாதவர்கள்கூட அவள் மாட்டைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் பாதி வேலை ரகசியம் காப்பது. மீதிப் பாதி, சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்வது.

நான் பிரியம்வதா. மதுரையில் ஒரு அரசு மருத்துவமனையின் பின்கட்டில், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கூட்டு மருந்து கொடுக்கும் மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். வீடு கோச்சடையில், மாடியில். மாட்டுக்கும் எனக்கும் உள்ள உறவு பால் பாக்கெட்டோடு முடிந்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் கப்பலூருக்குத் தெற்கே ஒரு ஊரில் என்னை இன்றைக்கும் மாட்டு டாக்டர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தங்கப்பொண்ணு கப்பலூர் தொழிற்பேட்டையில் நட்டு, போல்ட் பாக்கெட் போடும் வேலை பார்ப்பவள். ஆள் சின்ன உருவம், குரல் பெரிசு. எங்கள் மையத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முகத்தை மறைத்துக்கொண்டு சுவரோரம் உட்காருவார்கள். இவள் ரேஷன் கடைக்கு வந்த மாதிரி வருவாள். "வரிசையில வாங்கப்பா, இங்க என்ன அல்வாவா குடுக்குறாக?" என்று அதட்டுவாள். பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள். பாதி நாள் என் வேலையை அவளே பார்த்துவிடுகிறாள் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட உண்டு.

அவள் கணவன் லாரி ஓட்டுநர். அவன் இறந்தபோது மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொன்னார்கள். அதற்கப்புறம் அவளையும் பரிசோதித்து, இருக்கிறது என்று சொன்னது நாங்கள்தான். ஒரு கன்றுக்குட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணன் பாண்டியராஜன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அந்தக் கன்றுக்குட்டிதான் வளர்ந்து ராசு ஆனது. தெருவே ஒதுங்கி நிற்கிற ஜல்லிக்கட்டுக் காளை, அவள் கையை மட்டும் நக்கும்.

அண்ணன் வீட்டில் அவளுக்குச் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒரே கூடம், ஒரே அடுப்படி, எப்போது பார்த்தாலும் ஆட்கள். தினம் ஒரு மாத்திரைதான், ஆனால் அதை யாரும் பார்க்காமல் போட வேண்டும். கம்பெனியிலோ சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி பை மற்றவள் மடியில் இருக்கும். "நாளைக்குப் போட்டுக்கிடலாம், நாளைக்குப் போட்டுக்கிடலாம்" என்று தள்ளி, ஒரு கட்டத்தில் மையத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். திரும்பி வந்தபோது இருமிக்கொண்டு, ரவிக்கை தொளதொளவென்று தொங்க, பாதி உடம்பாக வந்தாள். வரிசையில் யாரையும் அதட்டவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் பயந்தேன்.

எங்கள் டாக்டர் அவளிடம் தெளிவாகச் சொன்னார்: இப்படி விட்டுவிட்டுப் போட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் இந்த மருந்து கேட்காமல் போகலாம். அவள் தலையை ஆட்டினாள். புட்டிக்குள் பஞ்சு வைத்து, கிலுகிலு சத்தம் வராமல் செய்து, தொழுவத்தில் ராசுவின் சலங்கையும் நெற்றிப்பட்டமும் வைத்திருக்கிற தகரப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தாள். அந்தப் பெட்டியை வேறு யாரும் தொட முடியாது. பக்கத்தில் ராசு நிற்குமே.

ஆனால் இடம் கிடைத்தால் போதுமா? நினைப்பு வர வேண்டும், வந்த நேரத்தில் எழுந்து போக ஒரு சாக்கு வேண்டும். அந்தச் சமயத்தில்தான் குறுஞ்செய்தித் திட்டம் வந்தது.

எங்களுக்கு வருகிற திட்டங்களில் பாதி சுவரில் நோட்டீஸ் ஒட்டுவதோடு முடிந்துவிடும். இதை மட்டும் நான் விடவில்லை. தினமும் மாத்திரை நேரத்துக்குக் கம்ப்யூட்டரிலிருந்து செய்தி போகும். போட்டவர்கள் ஒரு வார்த்தை பதில் அனுப்ப வேண்டும். பதில் வராதவர்களை நான் அழைத்துப் பேச வேண்டும். அதற்கென்று ஒரு போனை என் தலையில் கட்டினார்கள்; செய்தியெல்லாம் அந்த எண்ணிலிருந்துதான் போகும். மாத்திரை, மருத்துவமனை, மையம் என்று எதையும் செய்தியில் எழுதக் கூடாது. வீட்டில் யார் போனை யார் எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் அவரவருக்கு வேண்டிய வாசகத்தை அவரவரே சொல்லலாம்.

சொன்னார்கள் பாருங்கள்! ஒரு வாத்தியார் "வீட்டுப்பாடம் முடித்தாயா?" என்று கேட்கச் சொன்னார். ஒரு தையல்காரருக்கு "ஜாக்கெட் ரெடியா?" அவர் உடனே பதில் போட மாட்டார், "கொக்கி மட்டும் பாக்கி" என்று அனுப்புவார், அரை மணி கழித்து "ரெடி" என்பார். தொழில் பழக்கம் மாத்திரையிலும் போகவில்லை. ஒருவர் "உன்னை நினைத்தேன்" என்று அனுப்பச் சொன்னார். உங்கள் மனைவி உங்களையும் கொல்வார், என்னையும் தேடி வந்து கொல்வார் என்று சொல்லி "கடை சாத்தியாச்சா?" என்று மாற்ற வைத்தேன்.

தங்கப்பொண்ணு யோசிக்கவே இல்லை.

"ராசுவுக்கு மருந்து குடுத்தாச்சான்னு போடுங்க மேடம்."

"மருந்து என்ற சொல்லே வேண்டாமே. தவிடு வச்சாச்சான்னு போடலாமா?"

"தவிடுன்னா எங்க அண்ணன் போயி வச்சிரும். மருந்துன்னாத்தான் நான் போகணும். எனக்கு மருந்துன்னா எதுக்கு, எந்த டாக்டரு, எவன் சொன்னான்னு தெருவே கேக்கும். மாட்டுக்கு மருந்துன்னா ஒரு பய கேக்க மாட்டான்."

மதுரைப் பக்கம் பிறந்து, வாடிவாசலைப் பார்த்து வளர்ந்த ஒரு பெண் இப்படி ஒரு தப்பை எப்படிச் செய்தாள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கோச்சடை மாடியில் இருக்கிற எனக்குத் தெரியாது, சரி. அவளுக்குத் தெரிய வேண்டாமா? காளை வளர்க்கிற ஊரில் ஒரு மனுஷனுக்குக் காய்ச்சல் என்றால் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். காளைக்கு மருந்து என்றால் அன்றைக்கு டீக்கடையில் வேறு பேச்சே கிடையாது.

முதல் நாளே அது ஆரம்பித்துவிட்டது. அவளுடைய பட்டன் போன் எப்போதும் டிவி மேல்தான் கிடக்கும். ராத்திரி எட்டு மணிக்கு அது 'டிங்' என்றதும் அண்ணன் பாண்டியராஜன் எடுத்து, செய்தி வாசிக்கிறவர் மாதிரி தெருவுக்கே கேட்கும்படி வாசித்தார்: "ராசுவுக்கு மருந்து குடுத்தாச்சா? ஏத்தா தங்கம், யாரு இது?"

"மாட்டாஸ்பத்திரியில இருந்துண்ணே. சத்து மருந்து. தெனம் ஞாபகப்படுத்துவாக."

பாண்டியராஜனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஊரில் எத்தனையோ காளை இருக்கிறது. எந்தக் காளைக்காவது மதுரையிலிருந்து தினம் ஒரு டாக்டர் செய்தி அனுப்பி நலம் விசாரித்ததுண்டா? மறுநாளிலிருந்து மணி எட்டாவதற்கு முன்பே அவர் வாசலில் நின்று, "தங்கம், மருந்து நேரம்!" என்று சத்தம் கொடுக்க ஆரம்பித்தார். அவர் மனைவி ஜெயக்கொடி அதிகம் பேசாதவள். அவள் அடுப்படியில் தங்கப்பொண்ணின் கையிலிருக்கிற கரண்டியை வாங்கிக்கொண்டு, "நான் கிண்டிக்கிடுறேன், நீ போயி மருந்தப் பாரு" என்பாள். எந்த வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று பயந்தாளோ அந்த வீடே அவளைப் பிடித்துத் தள்ளி மாத்திரை போட அனுப்பிக்கொண்டிருந்தது.

தொழுவத்தில் அவள் மாத்திரையை விழுங்குகிறவரை ராசு சும்மா இருக்க வேண்டுமே என்று அதன் வாயில் ஒரு கருப்பட்டித் துண்டைப் போடுவாள். கொஞ்ச நாளில் ராசு அதைப் பாடமே செய்துவிட்டது. வீட்டுக்குள் போன் 'டிங்' என்றால் தொழுவத்திலிருந்து "ம்ம்மா" என்று ஒரு சத்தம் வரும். அவள் தாமதித்தால் கட்டுத்தறியை ஆட்டும். இந்த வசதி திட்டத்தில் எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் எல்லோருக்கும் ஒரு மாடு கேட்டு விண்ணப்பித்திருப்பேன்.

எனக்கு எட்டு மணி தாண்டியதும் அவளிடமிருந்து "ஆச்சு" என்று வந்துவிடும். ஒரு நாள்கூடத் தவறவில்லை. உடம்பு தேறியது, ரவிக்கையைப் பிரித்துத் தைத்தாள், வரிசையில் மறுபடி அதட்டல் ஆரம்பித்தது. ரத்தப் பரிசோதனையில் கிருமி அகப்படாத அளவுக்குக் குறைந்திருந்தது. தாளை அவளிடம் காட்டியபோது அவளைவிட எனக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. அவள், "அப்ப ராசுவுக்குக் கருப்பட்டிய நிப்பாட்டக் கூடாது" என்று மட்டும் சொன்னாள்.

அப்புறம் தை பிறந்தது. ஜல்லிக்கட்டில் ராசு வாடிவாசலை விட்டு வெளியே வந்து, ஓடவில்லை. நின்றது. ஒரு சுற்றுச் சுற்றியது. திமிலைத் தொட வந்தவர்களையெல்லாம் சாமான் தூக்கி எறிகிற மாதிரி எறிந்துவிட்டு, சாவகாசமாக நடந்து போனது. ஒரு பீரோ பரிசு. அந்தப் பீரோவை மாலை போட்டு, சரக்கு ஆட்டோவில் நிற்க வைத்து ஊர்வலம் விட்டார்கள். யாரோ ஒரு யூடியூப்காரர் பாண்டியராஜன் முன்னால் மைக்கை நீட்டி, காளைக்கு என்ன தீனி என்று கேட்டிருக்கிறார்.

"பருத்திக்கொட்ட எல்லாரும்தாண்ணே வைக்கிறாக. நம்ம ராசுவுக்குத் தெனம் எட்டு மணிக்கு மருந்து. டாக்டரே மெசேஜ் போடுவாக. இந்தா நம்பரு, எழுதிக்கிடுங்க" என்று என் கையிலிருந்த போனின் எண்ணை உலகத்துக்கே வாசித்துவிட்டார்.

அந்த வாரம் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. "டாக்டரம்மா, எங்க காள வாடிவாசலுக்கு வந்ததும் யோசிக்குதும்மா." "டாக்டரம்மா, நம்ம மாடு மாமியா வீட்டு ஆளுகளப் பாத்தா மட்டும் முட்டுது, என்ன செய்ய?" நான் டாக்டர் இல்லை என்று சொன்னால் ஒருவரும் கேட்பதாயில்லை, கெட்டிக்கார டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் பொறுமை போய், எங்கள் மையத்தில் எல்லோருக்கும் சொல்வதையே ஒருவருக்குச் சொல்லிவிட்டேன்: தினமும் ஒரே நேரத்துக்குக் கொடுங்கள், நிறையத் தண்ணீர் கொடுங்கள், மனசை நிம்மதியாக வைத்திருக்கச் சொல்லுங்கள். கொஞ்ச நாள் கழித்து அவர் அழைத்து, காளை இப்போது நன்றாகச் சாப்பிடுகிறது என்று அழுதுவிட்டார்.

ஆனால் விருமாண்டி நன்றி சொல்கிற ஆள் இல்லை. அவர் அதே தெருக்காரர், அவருக்கும் ஒரு காளை உண்டு. அது வாடிவாசலை விட்டு வந்த வேகத்தில் பிடிபட்டுவிட்டது. முதலில் என்னை அழைத்து, "எங்க காளைக்கும் மெசேஜ் அனுப்புங்க தாயி" என்றார். முடியாது என்றேன். நாலு நாள் விடாமல் கேட்டார், நாலு நாளும் முடியாது என்றேன். அதற்கப்புறம்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. மாசி மாதம் அவர்கள் ஊரிலேயே ஜல்லிக்கட்டு. ஊர்க் கமிட்டியில் எழுந்து, ராசுவுக்கு ஊக்க மருந்து கொடுக்கிறார்கள் என்று புகார் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு அரசுக் கால்நடை டாக்டரை வைத்து, எல்லோர் முன்னாலும் மருந்தையும் பெட்டியையும் சோதிப்பது என்று கமிட்டி முடிவு செய்தது.

மறுநாளே தங்கப்பொண்ணு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"மேடம், மெசேஜ நிப்பாட்டிருங்க."

"நிப்பாட்டிட்டு?"

"நிப்பாட்டிட்டா மாட்டுக்கு மருந்து இல்லன்னு ஆயிரும். சோதனையும் இல்ல."

"உன் மாத்திரை?"

எட்டு மணிக்குத் தொழுவத்துக்குப் போக வேறு சாக்கு இல்லை. போகாவிட்டால் மறுபடி பழைய கதைதான், அது அவளுக்கும் தெரியும்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பாதி உடம்பா வந்தியே, மறந்துபோச்சா? திரும்ப விட்டா இந்த மருந்தே கேட்காமப் போகலாம்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? அப்படி வீட்டில தெரிஞ்சா என்ன செய்வாங்க? ஒதுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு" என்று ஆரம்பித்தேன்.

"சட்டம் எங்க அண்ணன் வீட்டு அடுப்படிக்கு வருமா மேடம்?" என்றாள். "தட்ட தனியா வைப்பாக. பெறகு பாயத் தனியா போடுவாக. பெறகு போன்னு சொல்லுவாக. நானும் ராசுவும் எங்கிட்டுப் போறது?"

கடைசியில் ஒரு வழி பேசினோம். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே புட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும். எட்டு மணிக்குக் கருப்பட்டியை மட்டும் காட்டி, இதுதான் மருந்து என்று சொல்லிவிட வேண்டும். போகும்போது அவளுக்கு இன்னொரு எரிச்சல். "நான் இங்க செத்துக்கிட்டிருக்கேன், எங்க மதினி என்னடான்னா எள்ளையும் உளுந்தையும் வறுத்து இடிச்சுக்கிட்டுக் கெடக்கு. இந்த நேரத்துல பலகாரமாம்!"

நாங்கள் போட்ட திட்டம் அருமையான திட்டம்தான். ஆனால் விருமாண்டி ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவில்லை. சோதனை என்றால் சொல்லிவிட்டா வருவார்கள் என்று கமிட்டிக்காரர்களைக் கிளப்பி, டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த கால்நடை டாக்டரை வழிமறித்து, வெள்ளிக்கிழமையே எட்டு மணிக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்று நடந்ததை அவள் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

தொழுவத்து முன்னால் கூட்டம். பெட்டிக்குள் புட்டி அப்படியே இருக்கிறது. தங்கப்பொண்ணு பெட்டிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நிற்கிறாள். வீட்டுக்குள் போன் 'டிங்' என்றது. உடனே ராசு "ம்ம்மா" என்று கத்தி, கட்டுத்தறியை ஒரு ஆட்டு ஆட்டியது.

"பாத்தீகளா! பாத்தீகளா!" என்று விருமாண்டி குதித்தார். "போதைக்கு அடிமையான மாடு! நேரம் வந்ததும் கேக்குது பாருங்க!"

டாக்டர் தங்கப்பொண்ணைப் பார்த்து, "என்ன மருந்தும்மா குடுக்குறீங்க? எடுத்துக் காட்டுங்க" என்றார். ஊரையே அதட்டுகிற வாய், அன்றைக்குத் திறக்கவில்லை.

"அந்தத் தகரப் பெட்டியிலதான் சார் இருக்கு" என்று விருமாண்டி கையை நீட்டினார். ராசு கொம்பைத் திருப்பியதும் கையை இழுத்துக்கொண்டார். "மாப்ள, நீ ஒன் தங்கச்சியத் தொறக்கச் சொல்லு!" என்று பாண்டியராஜனிடம் திரும்பினார்.

பாண்டியராஜனும், "தொறந்து காட்டுத்தா, நம்ம கிட்ட என்ன ஒளிவு மறைவு?" என்றார். அவருக்கு ராசுவின் மானம் பெரிசு.

அப்போது அடுப்படியிலிருந்து ஜெயக்கொடி வந்தாள். கையில் ஒரு தூக்குச்சட்டி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, நாத்தனாரை ஒட்டி நின்றாள்.

"பெட்டியில பொம்பளைக மாசாமாசம் வைக்கிற துணி இருக்கு. நானும் அவளும் வைக்கிறது. தொறக்கவா? எல்லாரும் பாக்குறீகளா?"

கமிட்டிக்காரர்கள் அத்தனை பேரும் ஆகாயத்தைப் பார்த்தார்கள். பாண்டியராஜன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். விருமாண்டி இரண்டடி பின்னால் போனார், ராசுவுக்குப் பயந்ததைவிட அதிகமாக.

"மருந்து இந்தா இருக்கு" என்று ஜெயக்கொடி தூக்குச்சட்டியைத் திறந்தாள். கறுப்பாக, பளபளவென்று உருண்டைகள். "எள்ளு, உளுந்து, கருப்பட்டி, சுக்கு. நான்தான் உருட்டுறேன், அவ குடுக்குறா."

டாக்டர் ஒன்றை எடுத்துப் பிட்டுப் பார்த்தார், முகர்ந்தார், வாயில் போட்டார். இன்னொன்றையும் போட்டார். "இது மருந்து இல்லம்மா, பலகாரம்" என்றார். ராசுவுக்கு ஒன்றைக் கொடுத்தார்கள். அது கருப்பட்டியைவிட இது மேல் என்பதுபோல் டாக்டரின் கையையே நக்கியது.

விருமாண்டி விடவில்லை. "பலகாரத்துக்கா தெனம் ஒரு டாக்டரு மெசேஜ் போடுவாரு? அந்த நம்பருக்குப் போடுங்க சார்!"

அந்த அழைப்பு வந்தபோது நான் கோச்சடையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மணி தாண்டியும் "ஆச்சு" வரவில்லையே என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு கையில் கரண்டியோடு எடுத்தேன்.

"நான் கால்நடை டாக்டர் பேசுறேன். தங்கப்பொண்ணு வீட்டுத் தொழுவத்துல இருந்து. ஊரே கேட்டுக்கிட்டிருக்கு. நீங்க எந்த ஆஸ்பத்திரி?"

பின்னால் மாடு கத்துகிற சத்தம், ஆட்கள் பேச்சு, எல்லாம் கேட்கிறது. பொய் சொன்னால் டாக்டரிடம் மாட்டிக்கொள்வேன். உண்மையைச் சொன்னால் அவள் தெருவில் நிற்பாள். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நான் டாக்டர் இல்லை சார். ஞாபகப்படுத்துறது மட்டும்தான் என் வேலை. மறந்துடக் கூடாதவங்களுக்குத் தினம் ஒரு மெசேஜ் அனுப்புவேன்."

"மாட்டுக்கா?"

"யாருக்கு மறக்கக் கூடாதோ அவங்களுக்கு."

அந்த டாக்டருக்கு என்ன புரிந்தது, எவ்வளவு புரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "சரிங்கம்மா. மாட்டுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க நிப்பாட்டாம அனுப்புங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். என் தோசை கருகியிருந்தது.

கூட்டம் கலைந்தது. போகும்போது விருமாண்டி தூக்குச்சட்டியிலிருந்து நாலு உருண்டையை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போனார். காளைக்குத்தான் என்று சொன்னார். தெருமுனை திரும்புவதற்குள் வாய் அசைந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

தொழுவத்தில் தங்கப்பொண்ணும் ஜெயக்கொடியும் மட்டும் நின்றார்கள். தங்கப்பொண்ணு பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு அழுதாள். ஜெயக்கொடி ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"போட்டுட்டு வா. சோறு ஆறுது."

"மதினி... ஒங்களுக்கு..."

"ராசு மேயப் போறப்ப பெட்டிய நகத்தித் தொழுவம் கூட்டுறது யாரு? நான்தான? பஞ்சு வச்சா மட்டும் சத்தம் வராதா?" என்றாள் ஜெயக்கொடி. "நீ அத நிப்பாட்டுனப்ப எலும்பா ஆனதையும் பாத்தேன், திரும்பப் போட்டதும் தேறுனதையும் பாத்தேன். எட்டு மணிக்குப் போடணும்னு தெரியும். எனக்கு அம்புட்டுப் போதும்."

"என்ன மருந்துன்னு ஒரு வார்த்த கேக்கலையே மதினி."

"கேட்டா நீ பொய் சொல்லணும். எதுக்கு?"

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் இன்னொருவர் முன்னால் மாத்திரை போட்டாள். எனக்கு அன்று பதில் தாமதமாக வந்தது. வழக்கமான ஒற்றை வார்த்தை இல்லை. "ஆச்சு. ராசுவுக்கும் ஆச்சு" என்று இருந்தது. மறுநாள் அவள் மையத்துக்கு வந்து நடந்ததை முழுக்கச் சொன்னபோது, ஆலோசகர் அழக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சி எனக்கு உதவவில்லை.

இப்போது அந்த ஊரில் எட்டு மணிக்கு எல்லாக் காளைக்கும் எள்ளுருண்டை. விருமாண்டிக்கு நான் எந்தச் செய்தியும் அனுப்புவதில்லை. ஆனாலும் அவரிடமிருந்து தினம் எட்டு மணிக்குப் பதில் வந்துவிடுகிறது: "எங்க காளைக்கும் ஆச்சு டாக்டரம்மா." எங்கள் திட்டத்திலேயே ஒரு நாளும் தவறாதவர்கள் என்று பார்த்தால் தங்கப்பொண்ணுக்கு அடுத்தபடி அவர்தான்.

போன மாதம் மருந்து வாங்க அவள் தனியாக வரவில்லை. பேருந்து நெரிசல், துணைக்கு வாரேன் என்று ஜெயக்கொடியும் கிளம்பிவிட்டாளாம். உள்ளே கூப்பிடவா என்று கேட்டேன். தங்கப்பொண்ணு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"சொல்லணும் மேடம். சொல்லிருவேன். ஆனா அது கேக்காம இருக்குறது எம்புட்டு சொகமா இருக்கு தெரியுமா? இன்னுங் கொஞ்ச நாளைக்கு இருந்துக்கிடுறேன்."

ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். ஜெயக்கொடி மடியில் பையை வைத்துக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு மேலேதான் எங்கள் மையத்தின் பெயர்ப்பலகை. எந்த நோய்க்கான மையம் என்று ஆளுயர எழுத்தில், தமிழில் எழுதியிருக்கிறது. அவள் அதை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். ஜெயக்கொடி பத்தாவது வரை படித்தவள்.

தங்கப்பொண்ணு வெளியே போனதும் அவள் எதுவும் கேட்கவில்லை. நகர்ந்து இடம் கொடுத்து, பையிலிருந்து தயிர்சாத டப்பாவை எடுத்தாள். ஒரே டப்பாதான் கொண்டுவந்திருந்தாள். இருவரும் அதிலேயே கைபோட்டுச் சாப்பிட்டார்கள். முடித்ததும் ஜெயக்கொடி டப்பாவைக் கழுவி மூடி, "வெரசா வா, பஸ்ஸு போயிரும். எட்டு மணிக்குள்ள வீட்டுல இருக்கணும்" என்றாள்.